டிஸ்க் போட்டும் பழைய விண்டோஸே வருகிறதா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். லினக்ஸ் போட டிவிடி எழுதி வைத்திருக்கிறேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸில்) டிவிடியை முதல் இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன். டிரைவ் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் பழைய விண்டோஸ்தான் வருகிறது. டிரைவை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எனக்கு முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான். விண்டோஸ் ஓடும்போதே அதைப் போட்டுத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு ஃபைல் (முழு டிஸ்க்கையும் அடக்கிய இமேஜ்) மட்டும் தெரிகிறதா? அப்படியானால் டிரைவ் நன்றாகத்தான் படிக்கிறது, டிஸ்க் எழுதிய முறைதான் தவறு. ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது லேப்டாப் அந்த டிஸ்க்கிலிருந்து தொடங்காது. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' கொடுத்து எழுத வேண்டும். அப்போதுதான் பயாஸ் தேடுகிற பூட் பகுதி டிஸ்க்கில் பதியும். சரியாக எழுதிய டிஸ்க்கைத் திறந்தால் பல ஃபோல்டர்கள் தெரியும். இன்னொன்று, வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். வயதான லென்ஸ்கள் அவசரமாக எழுதிய டிஸ்க்குகளில் திணறும்.

ஃபோல்டர்கள் சரியாகத் தெரிந்தும் பூட் ஆகவில்லையா? பயாஸில் தேதியைப் பாருங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி வைத்த பிறகு தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடுகிறது என்றால், தேதியையும் பயாஸ் செட்டிங்ஸையும் காக்க போர்டில் உள்ள சிறிய சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. நீங்கள் மாற்றிய பூட் ஆர்டரும் அதோடு போயிருக்கலாம். அந்த பேட்டரியை மாற்றும் வரை, ஆன் செய்தவுடன் எஃப்12 (சில மாடல்களில் எஃப்9 அல்லது எஸ்கேப்) தட்டி, பூட் மெனுவில் டிவிடியை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 8 காலத்து லேப்டாப் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தைத் தொடங்க விடாத பாதுகாப்பு) அணைத்தும் பாருங்கள்.

டிஸ்க் பூட் ஆரம்பித்து, 64 பிட் பிராசசர் தேவை என்ற செய்தியோடு நின்றால் டிரைவில் குறையே இல்லை. பிராசசர் 32 பிட், அவ்வளவுதான். 32 பிட் பதிப்பு தரும் லினக்ஸ்கள் குறைந்துவிட்டன, டெபியன்கூட 13-ஆம் பதிப்பில் அதற்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. 12-ஆம் பதிப்பில் கிடைக்கும்.

ஆனால் விண்டோஸிலேயே எந்த டிவிடியும் திறக்கவில்லை, பாட்டு சிடி மட்டும் பாடுகிறது என்றால், ட்ரேயின் முகப்பில் டிவிடி முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது சிடி மட்டும் படிக்கும் டிரைவாக இருக்கலாம். முத்திரை இருந்தும் படிக்கவில்லை என்றால் லென்ஸைச் சுத்தம் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்கூட டிரைவ் வாங்க நான் சொல்லமாட்டேன். பூட் மெனுவில் யூஎஸ்பி தெரிந்தால் பென் டிரைவிலிருந்தே இன்ஸ்டால் செய்துவிடலாம்.