சான்றிதழின் கையொப்பத்தைப் படிப்பவருக்கு வேலை உண்டா?

ஐயா, வணக்கம்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், உடன் படிப்போர் வலைத்தளம் அமைக்கப் பழகும் நேரத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நிரல் நூலகத்தின் கையேட்டிலேயே மூழ்கிக் கிடப்பதாகவும், இதனால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். சான்றிதழின் கையொப்பத்தைப் படிக்க அவர் எழுதிய நிரலைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தங்கள் ஆடிட்டர் வருமானவரி இணையதளத்தில் கையொப்பமிடச் செருகும் யூஎஸ்பி டோக்கனில் இருப்பது எக்ஸ்.509 என்ற தரத்தில் அமைந்த டிஜிட்டல் சான்றிதழ். அதில் உரியவரின் விவரம், கையொப்ப வழிமுறையின் பெயர், கையொப்பம் என மூன்று பகுதிகள் உண்டு. வழிமுறையின் பெயர் விவரப் பகுதிக்குள்ளும் ஒருமுறை எழுதப்பட்டிருக்கும். வெளியே உள்ள பெயரைக் கையொப்பம் காப்பதில்லை என்பதால் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். தங்கள் மகளின் நிரல் இதைச் சரியாகவே பார்க்கிறது.

தடுமாறியது வேறிடத்தில். 'எக்ஸ்509_கெட்0_சிக்னேச்சர்' என்ற செயற்கூறு தரும் சுட்டியை, அதாவது நினைவகத்தில் கையொப்பம் இருக்கும் இடத்தின் முகவரியை, அவர் வேலை முடிந்ததும் விடுவித்துவிட்டார், நிரல் நின்றுபோனது. பெயரில் உள்ள அந்தப் பூஜ்யத்துக்கே பொருள் உண்டு: பார்க்கலாம், உடைமை சான்றிதழுடையது. 'செட்0' என்று வந்தால் நாம் கொடுத்த பொருளின் உடைமை நூலகத்துக்குப் போய்விடும். கையொப்பமிடும் ரகசியத் தனிச்சாவி வன்பொருளுக்குள் பூட்டியிருக்க, அங்கே உருவான கையொப்பத்தைச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பொருத்தும்போது இந்த வகைச் செயற்கூறுதான் உதவும்.

இன்னொரு பிழை நுட்பமானது. அவர் நிரல் வழிமுறையின் எண்ணை மட்டும் கேட்கிறது. அப்படிக் கேட்டால், ஆர்எஸ்ஏ என்னும் கையொப்ப முறையில் அமைந்த பெரும்பாலான சான்றிதழ்களில் ஹாஷ் (தரவைச் சிறு அடையாளமாகச் சுருக்கும் முறை) எது என்பதும் தெரிந்துவிடும். ஆர்எஸ்ஏயின் பிஎஸ்எஸ் என்ற வகையில் அது தனி அளவுருக்களுக்குள் இருப்பதால் தெரியாது. அதற்கென்றே 1.1.1 பதிப்பில் 'எக்ஸ்509_கெட்_சிக்னேச்சர்_இன்ஃபோ' வந்தது. ஹாஷ், சாவி வகை, பாதுகாப்பு வலிமை ஆகியவற்றை ஒருசேரத் தரும். எட்25519 என்னும் வேறொரு கையொப்ப முறையின் சான்றிதழில் ஹாஷ் வெறுமையாக வருவதைப் பிழையென்று கொள்ளக் கூடாது.

வேலைக்கு வருகிறேன். இந்தத் துறையில் புதியவர்களுக்கான இடங்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வங்கி, பணப்பரிமாற்றம், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் போன்ற இடங்களில் பழைய வழிமுறைகளைக் கண்டுபிடித்து மாற்றும் வேலை ஓய்வதேயில்லை. ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையில் ஒரே ஹாஷ் தரும் இரு கோப்புகளை 2017இல் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கும் எம்எல்-டிஎஸ்ஏ கையொப்ப முறையை 2024இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தரப்படுத்தியது. எந்தச் சான்றிதழில் எந்தக் கையொப்பம் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும் கருவி இல்லாமல் அந்த மாற்றத்தைத் தொடங்கவே முடியாது.

ஆகவே அவரைத் தடுக்க வேண்டாம்; ஆனால் வளாகத் தேர்வில் முதல் வடிகட்டல் தரவு அமைப்புகளிலும் கணக்குகளிலும்தான் நடக்கிறது என்பதால் தினமும் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். நிரலில் அந்த இரண்டு பிழைகளையும் திருத்தி, ஆர்எஸ்ஏ, பிஎஸ்எஸ், எட்25519 மூன்றுக்கும் சோதனைச் சான்றிதழ்களோடு கிட்ஹப் என்னும் நிரல் பகிர்வுத் தளத்தில் ஏற்றட்டும். தன்விவரக் குறிப்பில் "சைபர் பாதுகாப்பில் ஆர்வம்" என்றிருக்கும் வரியை அடித்துவிட்டு, அங்கே இந்தக் கருவியின் பெயரை எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள்.