பழைய ரயில் பாதையில் 50 கி.மீ. நடைப்போட்டி: தட்டையான பாதைக்குத் தனிப் பயிற்சி தேவையா?

காட்பாடியில் வசிப்பதாகவும், வயது 51 என்றும், அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள மகனிடம் செல்லும்போது கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றில் நடக்கும் 50 கி.மீ. நடைப்போட்டியில் சேருமாறு அவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "ஏற்றம் இறக்கம் இல்லாத பாதை, ஓடவும் வேண்டியதில்லை, வெறுமனே நடப்பதுதானே, திருவண்ணாமலை கிரிவலம் பலமுறை சுற்றியவனுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வேண்டும். "வெறுமனே நடப்பதுதானே" என்ற சொல்லை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா காட்பாடி–விழுப்புரம் பாதையில், அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், கீமேனாக, அதாவது தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கும் 'சாவி' என்ற இரும்புத் துண்டுகளைச் சரிபார்ப்பவராக, வேலை பார்த்தவர். சுத்தியலும் ஸ்பேனரும் கொடிகளும் சுமந்துகொண்டு, கண்ணமங்கலம் பக்கத்தில் தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில், தண்டவாளத்தின் ஒவ்வொரு சாவியையும் பார்த்துக்கொண்டே போய்த் திரும்புவார். சிலீப்பர் கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் நம் இயல்பான எட்டுக்குப் பொருந்தாது. ஒரு கட்டைக்கு ஓர் எட்டு வைத்தால் கால் குறுகும், இரண்டுக்கு ஓர் எட்டு வைத்தால் இடுப்பு இழுக்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வைப்பார். அப்பா பாதங்களை அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். நடை என்பது உழைப்பு என்று அந்தப் பாத்திரத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.

நான் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மிசூரி மாநிலத்தில் இருக்கும் மகளிடம் சென்றிருந்தபோது, 54 வயதில், கேட்டி டிரெயில் என்ற பாதையின் ஒரு பகுதியில் நடந்த சிறிய 50 கி.மீ. நடைப்போட்டியில் கலந்துகொண்டேன். மிசூரி–கன்சாஸ்–டெக்சஸ் ரயில்வேயின் கைவிடப்பட்ட பாதை அது. கன்சாஸ், டெக்சஸ் என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளான கே, டி இரண்டையும் சேர்த்து அழைத்ததில் வந்ததே 'கேட்டி'. ஏறத்தாழ 386 கி.மீ. நீளமுள்ள அப்பாதையில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கல் பொடியைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் மிசூரி ஆறு, இடையில் 1893இல் கட்டிய ஒரு குகைவழி என்று பார்ப்பதற்கு மிக அழகான இடம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், ரயில் பாதை போடுபவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் மட்டம் பார்த்தே போடுவார்கள். சக்கரத்துக்கு நல்லதாகிய அந்த மட்டமே நம் காலுக்குச் சோதனையாகிவிடுகிறது. மேடும் பள்ளமும் மாறி வரும் சாலையில் தொடை, கெண்டைக்கால், இடுப்பு என்று சுமை இடம் மாறிக்கொண்டே இருக்கும்; மட்டமான பாதையிலோ முதல் கிலோமீட்டரில் உழைத்த அதே தசை ஐம்பதாவது கிலோமீட்டரிலும் அதே அளவில் உழைக்க வேண்டும். கிரிவலம் 14 கி.மீ.; மூன்றரைச் சுற்றை உட்காராமல் முடிப்பது போன்றது நீங்கள் கேட்பது. கிரிவலத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நானும் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறேன். ஆனால் அங்கே லிங்கங்களின் முன்னே நின்று நின்று போகிறோம், அந்த நிற்றலே ஓய்வாகிவிடுகிறது.

எனக்கு ஏறக்குறைய 31 கி.மீ. வரை எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு இடது இடுப்பின் வெளிப்புறத்தில் தொடங்கிய வலி முழங்கால் வரை இறங்கியது. காரணம் பின்னால்தான் புரிந்தது. மழைநீர் வடிவதற்காகப் பாதையின் நடுப்பகுதி சற்றே உயர்ந்தும் ஓரங்கள் சரிந்தும் இருந்தன. நான் மிதிவண்டிகளுக்கு வழிவிட்டு ஒரே ஓரமாக, அதாவது ஒரு கால் எப்போதும் தாழ்ந்த நிலையிலேயே, அத்தனை தூரமும் நடந்திருந்தேன். போதாததற்குச் சுண்ணாம்புப் பொடி ஷூவுக்குள் புகுந்து வியர்வையோடு சேர்ந்து குதிகாலை உரித்துவிட்டது. ஓரிடத்தில் உட்கார்ந்து காலுறையை மாற்றி, எட்டைக் குறுக்கிக்கொண்டு, ஆளில்லாத இடங்களில் பாதையின் நடுவிலேயே நடந்து, 9 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். விரல்கள் வீங்கியதில் மோதிரம் இரண்டு நாள் கழலவில்லை. நீண்ட நேரம் கையைத் தொங்கவிட்டு நடந்தால் இது நேரும். ஆகவே மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

"இந்த வயதில் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், விளையாட்டு விழாவில் மாணவிகளுக்கு 3 கி.மீ. நடைப்போட்டி வைக்கலாம் என்று கேட்டபோது, பெண் பிள்ளைகள் இடுப்பை ஆட்டி நடப்பது பார்க்க நன்றாக இராது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த அசைவு போட்டியின் விதியால் வருவது. முன்வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவது நடுவரின் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பவை சர்வதேச நடைப்போட்டியின் விதிகள். காலை மடக்காமல் வேகமெடுக்க இடுப்பு சுழன்றே ஆக வேண்டும். பிரியங்கா கோஸ்வாமி 2022 காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டர் நடையில் வெள்ளி வென்ற செய்தியைப் படித்த அன்று, அந்த மறுப்பை நினைத்து நான் அழுதேன். உங்கள் மகன் சொல்லும் 50 கி.மீ.யும் 1932 முதல் டோக்கியோ 2020 வரை, 1976 நீங்கலாக, ஆண்களுக்கான ஒலிம்பிக் போட்டியாக இருந்த தூரம், மாரத்தானைவிட நீளமானது. நான் கலந்துகொண்ட போட்டியில் முழங்கால் விதி இல்லை, ஓடக் கூடாது என்பது மட்டுமே இருந்தது. உங்களுடையதில் எது என்று மகனிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குத் தயவுசெய்து ரயில்வே ஓரத்துக்குப் போகாதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, எதிர்க்காற்று அடிக்கும்போது பின்னால் வரும் ரயிலின் ஓசை கேட்காது என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். நம் பக்கத்தில் அதற்கு ஏற்றது ஏரிக்கரை. மட்டமாக, நேராக, மண்தரையாக இருக்கும். எங்கள் ஊர்க் கரையில் மதகிலிருந்து கலங்கல் வரை போய்வந்தால் சரியாக 3 கி.மீ.; விடியற்காலை நான்கரை மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஐந்தாறு முறை போய்வருவேன். வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் நடப்பது பயிற்சி ஆகாது, உடம்பைக் கெடுத்துக்கொள்வதே ஆகும். வாரத்தில் ஒரு நாள் நீண்ட நடை வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 35 கி.மீ.யைத் தொட்டுவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். அதைப் போட்டிக்கு முன்பே ஏரிக்கரையில் நடந்து பழக்கிவிடுங்கள். காலுறை மூன்று ஜோடி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கடலை மிட்டாய் ஆகியவை என்னைக் கரை சேர்த்தன. அக்டோபர் காலை அங்கே நமக்குக் கடுங்குளிராக இருக்கலாம், கையுறை எடுத்துச் செல்லுங்கள். நாளை காலையே தொடங்கினால் நாள் போதுமானதாக இருக்கும்.