நூலகத்திலிருந்து அரசியலுக்கு: கார்ல் ரென்னர்

ஆஸ்திரியாவில் நூலகராக இருந்து அரசியலுக்கு வந்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் கார்ல் ரென்னர்.

1870இல் மொராவியாவில் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) ஓர் ஏழைத் திராட்சை விவசாயி வீட்டில் பிறந்தவர். வியன்னாவில் சட்டம் படித்தார், அப்புறம் நாடாளுமன்ற நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அரசு ஊழியர் சொந்தப் பெயரில் அரசியல் எழுதினால் வேலைக்கே ஆபத்து. அதனால் 'சினாப்டிகஸ்', 'ருடால்ஃப் ஸ்ப்ரிங்கர்' என்ற புனைபெயர்களில் எழுதினார். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி என்ற ஒரே பேரரசுக்குள் ஜெர்மானியரும் செக் மக்களும் போலந்துக்காரரும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி. இன உரிமையை நிலத்தோடு கட்டிப்போடாதீர்கள், ஆளோடு சேருங்கள் என்றார்; ஒருவர் எங்கே குடியிருந்தாலும் தன் இனத்தின் பள்ளி, பண்பாட்டு நிர்வாகத்தில் அவருக்குப் பங்கு இருக்கும். இன்று படித்தாலும் துணிச்சலான யோசனை.

1907இல் அதே நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகவே போனார். மறு ஆண்டு கீழ் ஆஸ்திரிய மாநில சட்டமன்றத்திலும் இடம் கிடைத்தது. 1918லும் 1945லும் அரசுக்குத் தலைமை தாங்கினார், பிறகு குடியரசுத் தலைவரானார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது, அந்த இணைப்புக்கு ஒப்புதல் கேட்ட வாக்கெடுப்பில் 'ஆம்' என்றே போடுவேன் என்று பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னவரும் இவரே.