ஜெர்மனில போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சப்புறம் பண்ற ஆராய்ச்சி) வேலை கெடச்சிருக்கு, கான்ட்ராக்ட் இன்னும் சைன் பண்ணல. அங்க போய் செட்டில் ஆக என்னென்ன பாத்துக்கணும்?

முதல்ல வாழ்த்துக்கள்ங்க. இன்னும் சைன் பண்ணலன்னு சொல்றதால, ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியத முதல்ல சொல்லிடறேன், அதத்தான் பின்னாடி சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

அங்க சம்பளம் பேரம் பேசி முடிவாகுறது இல்ல. பெரும்பாலான மாநிலங்கள்ல டிவி-எல்னு ஒரு சம்பள டேபிள் இருக்கு, போஸ்ட்டாக்னா வழக்கமா அதுல இ13ங்கற கிரேடு. ஆனா அதே இ13-க்குள்ளயும் படிப்படியா லெவல் இருக்கு. பிஎச்டிக்கு அப்புறம் நீங்க பாத்த ரிசர்ச் வேலைய அனுபவமா எடுத்துக்கிட்டாங்கன்னா மேல ஒரு லெவல்ல ஆரம்பிக்கலாம், இல்லன்னா அடில இருந்து தான், மாசா மாசம் நல்ல வித்தியாசம் வரும். அதனால பழைய இடத்துல இருந்து எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், ஃபுல் டைமா, என்ன வேலைன்னு தெளிவா எழுதின லெட்டர் வாங்கி எச்ஆருக்கு இப்பவே அனுப்பிடுங்க. ப்ரொஃபசர் பாத்துப்பாருன்னு விட்டுடாதீங்க, அவருக்கு இதுல எல்லாம் கை கிடையாது, முடிவு பண்றது எச்ஆர் தான்.

அடுத்தது வீடு. குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ பதிவு பண்ணணும், அன்மெல்டுங்னு சொல்வாங்க. அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஒரு ஃபார்ம் வேணும். அந்தப் பதிவு ஆனாதான் டாக்ஸ் நம்பர் தபால்ல வரும், அது வராம இழுத்துக்கிட்டே போனா சம்பளத்துல அதிகமா வரி பிடிக்க வாய்ப்பு இருக்கு (அப்புறம் திரும்ப வந்துரும், ஆனா புது ஊர்ல முதல் மாசம் தான் காசு ரொம்ப தேவைப்படும்). அதனால தற்காலிகமா ரூம் எடுத்தாலும் "இங்க பதிவு பண்ண விடுவீங்களா"ன்னு கேட்டுட்டு எடுங்க. யூனிவர்சிட்டி கெஸ்ட் ஹவுஸ் இருந்தா அது தான் நிம்மதி, ஆனா சீக்கிரம் நிரம்பிடும், இன்னைக்கே மெயில் போடுங்க. ஹெல்த் இன்சூரன்ஸ் வேலை ஆரம்பிக்கிற நாள்ல இருந்து இருக்கணும், அதுக்கு முந்தின நாட்களுக்கு டிராவல் இன்சூரன்ஸ் தனியா எடுத்துக்கோங்க.

டிபார்ட்மென்ட் பத்தி ஒண்ணே ஒண்ணு மனசார சொல்றேன். முதல் சில வாரம் யாரும் உங்க ரூமுக்கு வந்து எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்க மாட்டாங்க, எல்லாரும் அவங்கவங்க வேலைல இருப்பாங்க, அத பாத்து நம்மள பிடிக்கலையோன்னு நெனச்சு நிறைய பேர் உள்ளுக்குள்ள ஒடுங்கிடறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். அது அப்படி இல்லவே இல்லங்க. போய்க் கேட்டீங்கன்னா கையில இருக்கிற வேலைய வச்சிட்டு உக்காந்து சொல்லித் தருவாங்க. க்ரூப் மீட்டிங்ல உங்க ஸ்லைட காட்டி "இந்த கிராஃப்ல எரர் பார் எங்க, இத வச்சு நீ சொல்றத ஏத்துக்க முடியாது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க, சொன்ன அதே ஆளு மத்தியானம் மென்சாவுக்கு, அதான் கேன்டீனுக்கு, சாப்பிட வர்றியான்னு கூப்பிடுவாரு. கண்டிப்பா போங்க. பாதி ஆராய்ச்சிப் பேச்சு அங்க தான் நடக்குது. குரூப்போட செக்ரட்டரி கிட்டயும் முதல் வாரமே அறிமுகம் ஆகிக்கோங்க, சாவி, டிராவல் பில், ஜெர்மன்ல வர்ற ஆபீஸ் லெட்டர் எல்லாத்துக்கும் அவங்க தான் வழி.

இன்னொன்னு, யூனிவர்சிட்டி காசுல தர்ற டெம்பரரி கான்ட்ராக்டுக்கு பிஎச்டிக்கு அப்புறம் பொதுவா 6 வருஷம் தான்னு சட்டமே இருக்கு, குழந்தை இருந்தா கொஞ்சம் நீட்டிக்க வழி உண்டு. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்னா முதல் வருஷக் கடைசிலயே அடுத்து என்னன்னு ப்ரொஃபசர் கிட்ட நேரா பேசிடுங்க. அங்க அப்படிக் கேக்கறத யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.