பழைய காரின் பிரேக் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது, விற்றுவிடலாமா?

அப்பாவின் கொரோலா 121, இருபது வயது தாண்டிவிட்டது. சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் தானாகக் கீழே போகிறது. கராஜில் முன் டிஸ்க், பேட், பின் சூ, பம்ப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவழிப்பதா, விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் வரை காரை வீதிக்கு எடுக்கவும் வேண்டாம். கராஜுக்குக் கொண்டுபோவதானாலும் இழுத்துப்போகும் வண்டியில் ஏற்றுங்கள், அல்லது கராஜ்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டின் தடிப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்திருந்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கும், ஸ்டியரிங் நடுங்கும். அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் தேய்ந்தால் இரும்பு உரசும் சத்தம் வரும். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாம் மூன்றாம் மிதியில் மேலே வந்தால், பெரும்பாலும் பின் சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூ தேய்ந்து, அதிலிருந்து விலகி நிற்கிறது. பெடல் கல்லாக இறுகினால் மிதிப்பதை இலேசாக்கும் பூஸ்டரையோ அதற்குப் போகும் வெற்றிடக் குழாயையோ பார்க்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் மிதித்து வைத்திருக்கும்போது மெல்ல இறங்குவது வேறு கதை. ஒயில் எங்கோ நழுவுகிறது.

எங்கே என்பதை நீங்களே பாதி தூரம் கண்டுபிடிக்கலாம். பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறையவில்லை, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மிதிக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் தேய்ந்து, ஒயில் உள்ளேயே திரும்பி ஓடுகிறது. மட்டம் குறைந்திருந்தால் நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பின் டயரின் உட்சுவர் நனைந்திருந்தால் அங்கே சூவைத் தள்ளும் வீல் பம்ப் கசிகிறது. சக்கரங்கள் காய்ந்திருந்தால் மாஸ்டர் பம்ப் பூஸ்டரில் பொருந்தும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்றுவிடும். பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் அங்கே உரிந்து தொங்கினால் பம்பின் பின் சீல் போய்விட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். சமீபத்தில் யாராவது பிரேக் ஒயில் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தார்களா? அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். காற்று எடுக்கும்போது ஒருவர் உள்ளே இருந்து பெடலை அடிமட்டம்வரை மிதிப்பார். சாதாரணமாக ஓட்டும்போது பம்பின் பிஸ்டன் அவ்வளவு ஆழம் போவதில்லை. பல வருடங்களாகச் சீல் தொடாத அந்தக் கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். மென்மையான ரப்பர் அதன் மேல் ஓடினால் கிழிந்துவிடும். பழைய கார்களுக்குக் காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முழுத் தூரம் போகாமல் தடுப்பது இதற்காகத்தான். எத்தனை கராஜில் இதைச் செய்கிறார்கள்?

"நீ யார் இதையெல்லாம் சொல்ல?" என்று சிலர் கேட்பீர்கள். நான் மெக்கானிக் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நிசான் சனி எப்பி 15 ஒன்றை வைத்திருக்கும் பெண். கார் என் கணவர் வாங்கியது. அவர் காலமான பின் அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் நான்தான். அதன் பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது, காசையும் மரியாதையையும் இழந்து கற்றது. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2022 இல் பெட்ரோல் இல்லாமல் வரிசையில் கிடந்தோமே, அந்தக் காலத்தில் எல்லோருடைய கார்களையும் போல என் காரும் வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. பெட்ரோலைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்து திரும்ப ஓட்டத் தொடங்கியபோது முன் இடது சக்கரத்தில் எரிந்த நாற்றம். பம்பலப்பிட்டிவரை நெரிசலில் போய் இறங்கினால் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. காலையில் எடுக்கும்போது ஒன்றுமில்லை. நான் இன்னொன்றையும் கவனித்தேன். பிரேக் மிதித்த கணத்தில் கார் இலேசாக வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பின் இடப்பக்கம் இழுக்கும். இதைத் திரும்பத் திரும்ப சோதித்து, நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கராஜுக்குப் போனேன்.

அங்கே இதைச் சொல்லத் தொடங்கினேன். "மிஸ், சேரை ஒருநாள் வரச் சொல்லுங்கள், அவருக்கு விளக்குகிறேன்" என்றார் கராஜ்காரர். சேர் இல்லை, நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பேட் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினேன். அதே நாற்றம். டிஸ்க்கை லேத்தில் கடைய வேண்டும் என்றார். கடைந்தார்கள். அதே சூடு. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் இறுகிவிட்டது, பாவித்தது ஒன்று எடுத்துப் போடலாம் என்றார். போட்டார்கள். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. கலிப்பர் போட்டுக் காற்று எடுத்தபோது, இடப்பக்கம் ஒயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, வலப்பக்கம் பீறிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், கேட்டேன். "பழைய கார் மிஸ், அப்படித்தான்" என்றார்.

எல்லா கராஜ்காரர்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் காரைச் சரிசெய்தவரும் அந்தத் தொழிலில் முதிர்ந்தவர்தான். அந்த ஒரு கராஜில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டிலேயே சின்னச் சின்ன வேலை பார்ப்பவர், என் மைத்துனிக்குத் தெரிந்தவர். அவரிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "பிள்ளை, அதைத் திரும்ப ஒருமுறை சொல்லுங்கள், மிதிக்கும்போது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காரைச் சூடாகும்வரை ஓட்டிவரச் செய்தார். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இடதைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தினார். சக்கரம் கையால் சுழலவில்லை. கலிப்பரில் காற்று எடுக்கும் திருகைத் திறந்தார். ஒயில் சீறியது, சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. "பிஸ்டன் இறுகியிருந்தால் இதைத் திறந்தாலும் சுழன்றிருக்காது. உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது" என்றார். திருகை மூடி, பெடலை மிதித்து விடச் சொன்னார். திரும்பவும் இறுகியது. இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. அவ்வளவுதான். ஹோஸுக்கு மேலே அழுத்தம் இல்லை, கீழே இருக்கிறது. அடைப்பு ஹோஸுக்குள்.

கழற்றிய ஹோஸைக் கத்தியால் வெட்டிக் காட்டினார். வெளியே பார்க்க நல்ல ரப்பர். உள்ளே வீங்கி, ஊசி நுழையும் துவாரம்தான் மிச்சம். மிதிக்கும் அழுத்தத்தில் ஒயில் அதற்குள்ளால் தாமதமாகவாவது போய்விடும். அதனால்தான் முதலில் வலது பிடித்து, கார் அந்தப் பக்கம் இழுத்தது. காலை எடுத்தால் திரும்பி வர அதற்கு வலுவில்லை. அதனால் இடது பிடித்தபடியே இருந்து சூடேறியது. நான் சொன்ன இரண்டு அறிகுறிகளுக்கும் விடை அந்தச் சின்ன ரப்பர் துண்டில் இருந்தது. அதன் விலை, நான் வீணாக மாற்றியவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டு முன் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றினோம்; ஒன்று வீங்கினால் மற்றதற்கும் அதே வயதுதான்.

முதலில் கழற்றிய என் கலிப்பரையும் அந்தப் பெரியவர் பார்த்தார். அது கெட்டிருக்கவில்லை. அதன் வழுக்குப் பின்களில் கிரீஸ் காய்ந்திருந்தது, சுத்தம் செய்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிகோன் கிரீஸ் போட்டால் போதும் என்றார். சாதாரண கிரீஸ் போட்டால் அந்த ரப்பர் வீங்கிவிடும்.

பின் டிரம்மின் தகடு துருப்பிடித்திருந்ததையும் காட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் வேறு விதமானது. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் அடுக்குமாடி. எனக்குக் கீழ்த்தளத்தில் வாகன இடம் உண்டு, உறுதியில் எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் பல மாதங்களாக இன்னொரு வீட்டாரின் உறவினர்கள் தங்கள் ஜீப்பை நிறுத்துகிறார்கள். நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தால், "அக்கா, உங்களுடையது சின்னக் கார்தானே, வெளியே விடலாமே" என்கிறார்கள். வெளியே விட்டால் இரவெல்லாம் உப்புக்காற்று. மரைன் டிரைவ் பக்கம் கார் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், பிரேக் குழாய்கள் என்ன கதியாகின்றன என்று. அந்த ஜீப் இன்றும் அங்கேதான் நிற்கிறது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன்.

விற்பது பற்றி. உங்கள் வீட்டிலும் கனடாவிலோ லண்டனிலோ ஒருவர் இருந்து, "அந்தப் பழசை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார் என நினைக்கிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது என்பதும், திறந்த பின்னும் வரியோடு சேர்த்து ஒரு காரின் விலை எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்கு விளங்குவதில்லை. 121 இன் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அந்தக் காரைத் தெரியாத மெக்கானிக் கொழும்பில் இல்லை. அதை விற்ற காசுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. இன்னொருவர் மறைத்து விற்கும் பிரேக் பழுது கிடைக்கலாம்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது கழற்றிய பழைய பம்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலிலும், சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பம்ப் மாறலாம். டிரம், கலிப்பர் போன்ற இரும்புச் சாமான்களைப் பாவித்ததாக வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ரப்பர் உள்ள எதையும், ஹோஸ், சீல், மாஸ்டர் பம்ப் எதையும், பாவித்ததாக வாங்காதீர்கள். ஜப்பானிலிருந்து கழற்றி வந்தது என்பார்கள்; அதன் ரப்பருக்கும் உங்கள் கார் ரப்பரின் வயதுதானே. மாஸ்டர் பம்புக்குச் சீல் கிட் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், மலிவாகவும் இருக்கும். பம்பின் உட்சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தால் சரி. குழி விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும். அதைத் திறந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

ஒயில் டப்பாவின் மூடியில் ஒயிலின் தரம் டொட் 3 என்று எழுதியிருந்தால் டொட் 3 அல்லது டொட் 4 ஊற்றலாம். ஸ்டியரிங் ஒயிலையோ என்ஜின் ஒயிலையோ ஒரு சொட்டுக்கூட அதில் விட வேண்டாம். எல்லா ரப்பரும் வீங்கி, நிஜமாகவே முழுவதையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். கொழும்புக்குள் இது தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக, குடும்பத்தோடும் சாமான்களோடும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஒயில் கொதித்து, பெடல் வெறுமனே அமுங்கும். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போங்கள்.

"பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்கச் சொல்கிறாயா, உயிர் போனால்?" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சிக்கனம் பார்க்கச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டு மாற்றச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது பாதுகாப்பு அல்ல. என் காரில் புதுப் பேட்டும் கடைந்த டிஸ்க்கும் வேறு கலிப்பரும் போட்ட பின்னும் சக்கரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு 2008 முதல் வருடாவருடம் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். நம்மைப் போன்றவர்களின் கார்களுக்குப் பிரேக்கைப் பார்க்க எவரும் கேட்பதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்டர் பம்ப்தான் என்று உறுதியானால், புதுப் பம்பைக் காரில் பூட்டுமுன் மேசைமேல் வைத்துக் காற்று எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெடல் நாள்கணக்கில் பஞ்சாக இருக்கும். நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்கும்போது பெடலுக்கடியில் அந்த மரக்கட்டை. வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். கொஞ்சமும் இறங்கக் கூடாது. இறங்கினால் காசு கொடுக்காமல் அங்கேயே நில்லுங்கள்.