ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு டியூபா: பயப்படும் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், கல்லூரியிலும் டியூபாதான், அதாவது அடிக்குரலில் ஒலிக்கும் அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியம்தான், படிப்பேன் என்கிறான். காரில் போகும்போதுகூட மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) மட்டும் உதட்டில் வைத்துக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது விளையாட்டு இல்லை அம்மா. உதடு அதிர்ந்தால்தான் அந்தக் குழலில் சத்தமே வரும், அதற்கான பயிற்சி அது. யாரும் சொல்லாமலே செய்கிறான் என்றால் ஆசை உண்மையானது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்ற உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்க முப்பது பேர் இருப்பார்கள், டியூபாவுக்கு ஒரே ஒருவர். அவரும் லேசில் எழுந்திருக்க மாட்டார். சிகாகோ சிம்பொனியில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை அந்த இடத்தில் இருந்தார். 2006-ல் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் காலியானபோது 190 பேருக்கு மேல் போட்டி. கிடைத்தது கேரல் ஜான்ச் என்ற பெண்ணுக்கு. அப்போது அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட மாணவி. அவரை மட்டும் பார்த்தால் நம்பிக்கை வரும். மற்றவர்களை நினைத்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அந்த மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு நான் பில் பார்பர் என்ற டியூபா கலைஞரைத்தான் சொல்வேன்.

1920-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹார்னெல் ஊரில் பிறந்தவர். பள்ளியில்தான் டியூபாவைக் கையில் எடுத்தார். ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தார், கான்சாஸ் சிட்டி பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது, ராணுவ பேண்டில் மூன்று வருடம். திரும்பி வந்து கிளாட் தார்ன்ஹில் நடத்திய ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே இசையமைப்பாளர் கில் எவான்ஸ், சாக்சஃபோன் கலைஞர் ஜெரி மல்லிகன் பழக்கமானார்கள். அந்த நட்புதான் அவரை ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1949, 1950-ல் ஒன்பது பேர் சேர்ந்து வாசித்த 'பர்த் ஆஃப் தி கூல்' பதிவுகளில் அடியில் கேட்கும் டியூபா இவருடையது. அதுவரை ஜாஸில் டியூபா என்றால் 'ஊம்பா, ஊம்பா' என்று தாளம் போடும் பழைய பாணிதான், அதையும் டபுள் பேஸ் வந்து ஓரங்கட்டியிருந்தது. இவரோ லெஸ்டர் யங்கின் டெனர் சாக்சஃபோன் வாசிப்பைக் கேட்டு, சுரம் சுரமாக எழுதி எடுத்து, டியூபாவில் வாசித்துப் பழகியவர். கிட்டத்தட்ட பத்துக் கிலோ எடையுள்ள வாத்தியத்தில் அந்த லாகவம் எப்படி வரும் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

சரி, அவ்வளவு புகழ்பெற்ற பதிவில் வாசித்தவர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்? பிராட்வே நாடகங்களுக்கும் பாலே நடனங்களுக்கும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தார். மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை முடித்து, லாங் ஐலண்டில் கோபேக் என்ற ஊரில் பள்ளி இசை ஆசிரியரானார். இசை அதோடு நிற்கவில்லை. 1961-ல் ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஆஃப்ரிக்கா/பிராஸ்' இசைத்தட்டில் அவர் இருக்கிறார். 1992-ல், எழுபதைத் தாண்டிய வயதில், மல்லிகன் அந்த 'பர்த் ஆஃப் தி கூல்' பாட்டுகளை மறுபடி பதிவு செய்தபோதும் டியூபா இவர்தான்.

பெற்றோர் பலர் 'கடைசியில் வாத்தியார் வேலைதானா' என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மாதச் சம்பளம் வந்தால், மனசுக்குப் பிடித்த கச்சேரியைக் காசு பார்க்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

அதனால் நான் சொல்வது இதுதான். வாசிப்பை மட்டும் படிக்கும் பட்டத்தோடு நிறுத்தாமல், பள்ளியில் இசை கற்பிக்கத் தகுதி தரும் இசைக் கல்விப் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கட்டும். கல்லூரியின் பெயரைவிட, அங்கே டியூபா சொல்லித்தருபவர் யார், ஜாஸ் குழுவில் டியூபாவுக்கு இடம் உண்டா என்று விசாரியுங்கள். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஆசிரியரிடம் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். நல்ல டியூபா பத்தாயிரம் டாலரைத் தாண்டும். இப்போது வாங்க வேண்டாம், கல்லூரி இரவல் தருமா என்று கேளுங்கள். ராணுவ பேண்டுகளிலும் நிரந்தரச் சம்பளம் உண்டு, சேர்வதற்கான விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. 1974-ல் ஹார்வி ஃபிலிப்ஸ் என்ற டியூபா கலைஞர், நியூயார்க் ராக்கஃபெல்லர் சென்டரில் முன்னூறு பேரைக் கூட்டி கிறிஸ்துமஸ் பாட்டுகளை வாசிக்கவைத்தார். 'டியூபா கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. இந்த டிசம்பரில் மகனை அழைத்துக்கொண்டு போங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நரைத்த தலைகளும் உட்கார்ந்து வாசிப்பார்கள். இடைவேளையில் அவர்களிடம் போய், என்ன வேலை பார்த்தீர்கள், வீட்டை எப்படி நடத்தினீர்கள் என்று நீங்களே கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், அப்போது கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து பார்ப்போம்.