ஒன்றுக்குப் பட்டினி, ஒன்றுக்கு அஜீரணம்

கேள்வி: ஐயா, நெல் மூட்டை ஏற்றிய லாரியோடு கிடங்கு வாசலில் இரண்டு மூன்று இரவுகள் வரிசையில் கிடக்கிறேன். வெளியே வெண்ணாற்றுக் கொசு, உள்ளே புழுக்கம். வண்டியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஃபேன், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் வைத்து ஒரு சின்ன டிவி என ஓட்டுகிறேன். ஆறே மாதத்தில் ஒரு பேட்டரி போய்விட்டது. மட்டமான சரக்கு என்கிறார் மெக்கானிக். இண்டக்‌ஷன் அடுப்பும் வைக்கலாமா?
- லாரி ஓட்டுநர், நீடாமங்கலம்

பதில்: எந்த பேட்டரி போனது என்று எழுதவில்லையே தம்பி! கம்பி மாட்டியது போயிருந்தால் பட்டினியால் போனது. மற்றது போயிருந்தால் அஜீரணத்தால் போனது. சரக்கைக் குறை சொல்லாதீர்கள்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 28 வோல்ட். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு பேட்டரியும் ஆளுக்கு 14 என்று பங்கு போட வேண்டும். நீங்கள் ராத்திரியெல்லாம் ஒன்றை மட்டும் உறிஞ்சிவிட்டீர்கள். காலையில் அது 13-லேயே நிற்க, மற்றதன் தலையில் 15 விழுகிறது. அது கொதித்துத் தண்ணீர் வற்றும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டேப்ரெக்கார்டருக்காக நானும் இதையே செய்தேன். மூடியைத் திறந்தால் தகடுகள் ஆற்று மணல்போலக் காய்ந்து கிடந்தன. அழுகிய முட்டை நாற்றம் வேறு. புது பேட்டரி என் கைக்காசில்தான் வந்தது.

இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 24 வோல்ட்டாக எடுங்கள். 24 வோல்ட் ஃபேனே கிடைக்கிறது. 12 வோல்ட் சாமான்களுக்கு 24-ஐ 12 ஆக இறக்கும் கன்வர்ட்டர் போடுங்கள். பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். கம்பி உரசித் தீப்பிடித்தால் அணைக்கப் பக்கத்தில் வாய்க்கால் இருக்காது.

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர் மணியில் சொல்வார்கள். 20 வாட் ஃபேன் 24 வோல்ட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 7 ஆம்பியர் மணி. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, டிவி நான்கு மணி நேரத்துக்கு 8. ஆக ஓர் இரவுக்கு 15. உங்களுடையது 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் முதல் இரவு கவலையில்லை. இஞ்சினை ஓட்டாமலே மூன்றாம் இரவும் கழிந்தால் பாதி காலி. லாரி பேட்டரி ஸ்டார்ட்டருக்காகச் செய்தது, அடிக்கடி பாதி வரை வடிந்தால் ஆயுள் குறையும். வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 24.4 வோல்ட்டுக்கு வந்தால் டிவியை அணைத்துவிடுங்கள். மாதத்தில் பாதி நாள் இப்படித்தான் என்றால் தனி பேட்டரி ஒன்று வைத்து, ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஆகும்படி இணைப்பதே மேல்.

இண்டக்‌ஷன் அடுப்பா? 2,000 வாட்டுக்கு 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இட்லிக்கடைக்கு நடந்துவிடுங்கள்.

கேள்வி: புது லாரிகளில் ஏசி வருகிறதாமே, இரவில் போட்டுக்கொண்டு தூங்கலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். ஆனால் வழக்கமான ஏசியின் கம்ப்ரசர் இஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது. நிறுத்திய லாரியில் ஏசி வேண்டுமானால் விடிய விடிய டீசல் எரிய வேண்டும். அடுத்த வண்டியோடு ஒட்டி நிற்கும் வரிசையில் புகை கேபினுக்குள் புகுந்தால் தூங்குகிறவருக்குத் தெரியாது. கொசுவலையைப் பழைய லாரியோடு விற்றுவிடாதீர்கள்.